ஒன்று விட்டு ஒன்று

கிண்ணியாப் பாலத்தின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு
ஐந்நூற்று எழுபது தடவை கால் எடுத்து வைத்தேன்.
காலுக்கொரு படம்.
ஓடவிட்டால் இருபத்துமூன்று விநாடிக்குக் கொஞ்சம் குறைவு
என்கிறது கணினி.

வெயில் ஏறமுன் தொடங்கியது.
முக்காலி இல்லை, கமரா நெஞ்சோடு.
றிஸ்கான் முன்னால் போய்
ஓட்டோக்களை மறித்து,
மீன்பெட்டி கட்டிய சைக்கிள்களிடம் மன்னிப்புக் கேட்டு,
“நிண்டு நிண்டு படமெடுக்கிறா,
பைத்தியமில்ல, இது வேல” என்று
கேட்டவருக்கும் கேளாதவருக்கும் சொல்லிக்கொண்டு போனான்.

இப்போது இரவு பதினொன்று.
உவர்மலையில் மேல்மாடி அறை.
உறுமுவது ஃபேனா கணினியா தெரியவில்லை.
முதல் தடவை ஓடவிட்டேன்.
பாலம் விக்கியது.
ஒன்று விட்டு ஒன்று
தொடுவானம் ஒரு விரற்கடை இறங்கி
ஏறி
இறங்கியது.

லென்ஸைச் சந்தேகித்தேன்.
காற்றைச் சந்தேகித்தேன்,
ஆனால் தம்பலகாமக் குடாவின் காற்று
நினைத்தபாட்டுக்கு அடிக்கும்,
இப்படி எண்ணி எண்ணி அடிக்காது.
பிறகுதான் பார்த்தேன்,
மேசைக்குக் கீழே என் இடக்கால்
தன்பாட்டில் நீட்டிக் கிடந்தது.

நாலாம் கட்டை. ஒரு ஸ்கூட்டி. ஒரு மாடு.
ஒன்பது வருடம்.
வெளியூரிலிருந்து வருபவர்கள்
என் காலைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள்.
“மாடா?” என்று
கொஞ்சம் ஏமாந்தும் போவார்கள்.

மென்பொருளுக்கு மாடும் தெரியாது, நானும் தெரியாது.
நடுக்கம் இருக்கிறது என்றது.
நீக்கவா என்றது.
அதற்கு அசையாத ஒரு புள்ளியைக் காட்டு என்றது.

அசையாதது.
தூரத்தில் நங்கூரமிட்டிருந்த கப்பலைக் காட்டினேன்.
அது நீரோட்டத்தோடு மெல்லத் திரும்பி
கடைசிப் படத்தில் முதுகைக் காட்டி நின்றது.
தோணி சரிவராது. முகில் பேச்சுக்கே இல்லை.
தூண்டில் போட்டபடி நின்ற பையன்
தொண்ணூறு படம் சிலை,
தொண்ணூற்றோராவதில் மீன்!
கடைசியில்
மறுகரைப் பள்ளிவாசல் மினாராவின் நுனியில்
அந்தச் சின்னச் சதுரத்தை வைத்தேன்.

பச்சைக் கோடு ஊர்ந்தது.
எழுபத்துநாலு வீதத்தில் கரண்ட் போனது.
இருட்டில் தேத்தண்ணி குடித்தேன்.
வந்தது. திரும்ப முதலிலிருந்து.

ஒரு மணிக்குப் பாலம் தயார்.
வலக்கைப் பக்கம் தம்பலகாமம், இடக்கைப் பக்கம் கொட்டியாரம்,
நடுவில் எண்ணெய் பூசியது போல வழுக்கிப் போகிறேன்.
இரண்டு முழங்காலும் ஒரே அளவில் வாய்த்த ஒருத்தி
ஒரு பாலம் முழுக்க நடக்கிறாள்.
மூன்று தடவை பார்த்தேன்.
அவளை எனக்குப் பிடித்திருந்தது,
மறைக்க என்ன இருக்கிறது.

நாலாவது தடவைதான் ஓரங்களைக் கவனித்தேன்.
நடுக்கத்தை எடுக்க
நான்கு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் வெட்டியிருக்கிறது.
வலது ஓரத்தில் சரிந்து கூடவே வந்த
என் நிழல் இல்லை.
பையனின் வாளி இல்லை.
முப்பத்தேழு படங்களில் வாகனங்களை மறித்த
றிஸ்கானின் முழங்கை இல்லை.

கொழும்பிலிருந்து டில்றுக்‌ஷி கேட்டது
ஹோட்டல் வரவேற்பறைத் திரைக்கு,
பட்டு மாதிரி வேண்டும் என்றாள்.
பட்டை அனுப்பினேன்.
வாடகை கட்ட வேண்டும், ஹார்ட் டிஸ்க் நிறைந்துவிட்டது,
கொள்கை பேச இது நேரமில்லை.

ஆனாலும் படுக்கவில்லை.
அந்தச் சறுக்குப்பிடியை நூறிலிருந்து
பின்னுக்கு இழுத்தேன்.
அறுபதில் வாளி வந்தது.
முப்பதில் நிழலின் தலை.
பன்னிரண்டில் முழங்கை.
பூச்சியத்தில்
மினாரா, கப்பல், இரண்டு குடாக்கள்
எல்லாமே என்னோடு சேர்ந்து நொண்டின.

அதை வேறாகச் சேமித்து
றிஸ்கானுக்கு அனுப்பினேன்.
இரண்டு மணிக்கு விழித்திருக்கமாட்டான் என்றுதான்.
உடனே பதில்:

“எண்ட முழங்க நல்லா வந்திரிக்கி.”